கேத்தரின் ஹெப்பர்ன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்கப் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நடிகை கேத்தரின் ஹெப்பர்னைக் குறித்து ஒரே விதமான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலானவை நான்கு ஆஸ்கார்களில் தொடங்கி உடன் நடித்த ஸ்பென்சர் ட்ரேசியுடனான உறவில் முடிந்துவிடும். அவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றதற்கு நாடக மேடையே முதற்காரணம் என்பது என் கருத்து. ஆகவே மேடையைப் பற்றிய கேள்விகளுக்குச் சற்று விரிவாகவும், கிசுகிசுவுக்குத் தேவையான அளவு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.

ஆட்ரி ஹெப்பர்னும் கேத்தரின் ஹெப்பர்னும் அக்கா தங்கச்சியா?

இல்லை. பெயரைத் தவிர இருவருக்கும் இடையே எந்த உறவும் கிடையாது. ஆட்ரி 1929-இல் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். கேத்தரின் 1907-இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள ஹார்ட்ஃபர்டில் பிறந்தவர். கேத்தரினின் முதல் படம் வெளிவந்தபோது ஆட்ரிக்கு வயது மூன்று. வயதில் இளையவரான ஆட்ரி 1993-இலேயே மறைந்துவிட, கேத்தரின் அதற்குப் பிறகும் பத்தாண்டுகள் இருந்து 2003 ஜூன் 29 அன்று தம் 96-ஆம் வயதில் காலமானார்.

பெரிய பணக்கார வீட்டுப் பெண், பொழுதுபோக்காக நடிக்க வந்தார் என்கிறார்களே, உண்மையா?

வசதியான வீடு என்பது உண்மை. பொழுதுபோக்கு என்பது உண்மையில்லை. தந்தை தாமஸ் ஹெப்பர்ன் சிறுநீரகவியல் மருத்துவர். பால்வினை நோய்களைப் பற்றிப் பொதுவில் பேசுவதே அநாகரிகம் எனக் கருதப்பட்ட காலத்தில் அந்த நோய்களைத் தடுக்கும் விழிப்புணர்வுக்காக வெளிப்படையாக உழைத்தவர். தாயார் கேத்தரின் ஹௌட்டன் ஹெப்பர்ன் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய கனெடிகட் மாநிலச் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர். பின்னர் மார்கரெட் சேங்கருடன் சேர்ந்து குடும்பக் கட்டுப்பாட்டு உரிமைக்காகப் பிரசாரம் செய்தார். சிறுமியாக இருந்தபோதே கேத்தரின் தாயாருடன் வாக்குரிமைக் கூட்டங்களுக்குப் போய் வந்தார். ஊரார் முணுமுணுத்தாலும் நினைத்ததைச் செய்யும் துணிவை அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கற்றுக்கொண்டதாக அவர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நடிப்புத் தொழிலைத் தந்தை விரும்பவில்லை. மகள் தாயார் படித்த பிரின் மார் கல்லூரியிலேயே சேர்ந்து, 1928-இல் பட்டம் பெற்றார். படிப்பு முடிந்த கையோடு பால்டிமோரில் இயங்கிய நாடகக் குழு ஒன்றில் சிறு வேடத்துக்குச் சேர்ந்துவிட்டார்.

ஒரு இடத்தில் பிறந்தநாள் மே 12 என்று இருக்கிறது, இன்னொரு இடத்தில் நவம்பர் 8. எது சரி?

1907 மே 12 என்பதே சரி. நவம்பர் 8 அவருடைய அண்ணன் டாமின் பிறந்தநாள். 1921-இல் நியூயார்க்கில் குடும்ப நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தபோது, பதினைந்து வயதான டாம் இறந்து கிடந்ததை முதலில் கண்டவர் பதின்மூன்று வயதுத் தங்கை கேத்தரின். அது தற்கொலை என்றே தோன்றியது. குடும்பத்தார் அதை விபத்து என்றே சொல்லி வந்தார்கள், அதைப் பற்றி வீட்டில் பேசவும் இல்லை. அதன் பிறகு கேத்தரின் அண்ணனின் பிறந்தநாளையே தம்முடையதாகச் சொல்லி வந்தார். உண்மையான தேதியை 1991-இல் வெளியான தன்வரலாற்றில்தான் வெளியிட்டார். அதனால்தான் அதற்கு முன் அச்சான பல நூல்களில் பிழையான தேதி நிற்கிறது. பிறந்த ஆண்டையும் அவர் 1909 என்று சொல்லி வந்தார் என்பது வேறு கதை; அதற்கு நடிகைகளுக்கே உரிய எளிய காரணம் போதும்.

மேடை ஏறியவுடனே பேர் வாங்கிவிட்டாரா?

தொடக்க ஆண்டுகள் பெரும்பாலும் வேலை பறிபோன கதைதான். குரல் கீச்சென்று உயர்ந்தது. பதற்றத்தில் வசனத்தை மிக வேகமாகப் பேசினார். ஒரு நாடகத்தில் முதன்மை நடிகைக்கு மாற்றாகக் காத்திருந்தவருக்குத் திடீரென அந்த வேடமே கிடைத்தது. முதல் நாளே தாமதமாக வந்து, வசனத்தைக் குழப்பி, ஒரே இரவில் நீக்கப்பட்டார். அந்த ஆண்டுகளில் ஃபிரான்சிஸ் ராபின்சன் டஃப் என்ற ஆசிரியையிடம் குரல் பயிற்சிக்கும் போனார். நியூயார்க்கின் நாடக மையமான பிராட்வேயில் சிறு வேடங்களும் மாற்று நடிகை வேலையுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன.

1932-இல் மொராஸ்கோ அரங்கில் நடந்த 'தி வாரியர்ஸ் ஹஸ்பண்ட்' என்னும் நகைச்சுவை நாடகம்தான் திருப்புமுனை. அதில் அவருக்குக் கிரேக்கப் புராணத்து அமேசான் வீராங்கனை வேடம். தோளில் மான் ஒன்றைச் சுமந்தபடி குறுகலான படிக்கட்டில் தாவித் தாவி இறங்கி வரும் நுழைவுக் காட்சி நகரத்துக்கே பேச்சானது. சிறுவயதில் நீச்சலும் மரமேறுதலும் டென்னிசும் கோல்ஃபும் பழகிய உடம்புக்கு இப்படித்தான் முதல் பயன் கிடைத்தது. அந்த நாடகத்திலிருந்து நேராக ஹாலிவுட் அழைத்தது.

முதல் படத்திலேயே எப்படிக் கதாநாயகி ஆனார்? சிபாரிசா?

முகவர் இருந்தார், ஆனால் அவரால் மட்டும் அது நடந்திருக்காது. ஆர்கேஓ திரைப்பட நிறுவனத்துக்காக எடுத்த சோதனைக் காட்சியில் ஹெப்பர்ன் காமிராவுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு கண்ணாடிக் கோப்பையைத் தரையில் வைத்த விதத்தைக் கண்டு இயக்குநர் ஜார்ஜ் குக்கர் அசந்துபோனார். நிறுவனம் தயங்கும் என்று தெரிந்தும் ஹெப்பர்ன் வாரத்துக்கு 1,500 டாலர் கேட்டார். மேடையில் அவருக்குக் கிடைத்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கேட்டது கிடைத்தது. 'எ பில் ஆஃப் டிவோர்ஸ்மென்ட்' 1932-இல் வெளிவந்தது. ஜான் பேரிமோரின் மகளாக நடித்தார்.

அடுத்த ஆண்டே 'மார்னிங் க்ளோரி' படத்துக்கு முதல் ஆஸ்கார், அதே ஆண்டில் 'லிட்டில் விமன்' படத்தின் பெரும் வெற்றி. குக்கருடன் தொடங்கிய அந்தக் கூட்டணி 1979 வரை பத்துப் படங்களுக்கு நீண்டது. அவற்றுள் இரண்டு தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டவை.

ஆஸ்கார் வாங்கியவரை மேடையில் கேலி செய்தார்களாமே?

'தி லேக்' நாடகத்தைப் பற்றிய பேச்சு இது. முதல் ஆஸ்கார் படத்தின் புகழ் சூடாக இருந்தபோதே, 1933 டிசம்பரில், தயாரிப்பாளர் ஜெட் ஹாரிஸ் அவரை பிராட்வேயில் நாயகியாக இறக்கினார். ஒத்திகையில் ஹாரிஸ் அவரைத் தொடர்ந்து சிறுமைப்படுத்த, ஹெப்பர்ன் தன்னம்பிக்கை முழுவதையும் இழந்து அரங்கேற்றத்துக்கு வந்தார். உணர்ச்சிகளின் முழு வரிசையையும் 'ஏ'யிலிருந்து 'பி' வரை தொட்டுக் காட்டினார் என்று எழுத்தாளர் டோரத்தி பார்க்கர் கிண்டலடித்ததாக வழங்கும் சொல் இந்த நாடகத்தைப் பற்றியதுதான்.

கேலியை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் அடுத்து நடந்ததை விட்டுவிடுகிறார்கள். அரங்கேறிய பிறகும் ஹெப்பர்ன் குரல் ஆசிரியை ஒருவரை வைத்துக்கொண்டு நாள்தோறும் அந்த வேடத்தில் உழைத்தார். நடிப்பு வாரத்துக்கு வாரம் தேறியது. 55 காட்சிகளுக்குப் பின் நியூயார்க்கில் முடிந்த நாடகத்தை ஹாரிஸ் வெளியூர்களுக்கு அனுப்ப முனைந்தபோது, அதிலிருந்து விடுபட ஹெப்பர்ன் தம் வங்கிக் கணக்கிலிருந்து 13,000 டாலருக்கு மேல் எடுத்துக் கொடுத்தார். ஒப்பந்தத்தின் விலை என்ன என்பதை அவர் அங்கேதான் கற்றார். அந்தப் பாடம் ஐந்தாண்டுகளில் கைகொடுத்தது.

"பாக்ஸ் ஆபீஸ் விஷம்" என்று யார் சொன்னது, ஏன் சொன்னார்கள்?

1938 மே மாதம், சுயேச்சைத் திரையரங்கு உரிமையாளர்கள் சங்கத்தின் தலைவர் ஹாரி பிராண்ட், திரையுலகப் பத்திரிகையில் கொடுத்த விளம்பரம் அது. பெரிய சம்பளம் வாங்கும் நட்சத்திரங்கள் கூட்டத்தை இழுப்பதில்லை என்பது அவர்கள் புகார். பட்டியலில் ஹெப்பர்ன் மட்டும் இருக்கவில்லை. கிரேட்டா கார்போ, ஜோன் கிராஃபோர்ட், மே வெஸ்ட், மார்லீன் டீட்ரிக், ஃபிரெட் அஸ்டேர் ஆகியோரும் இருந்தார்கள். அந்தச் சங்கத்தின் சினத்துக்குப் பின்னால் இருந்த உண்மையான குறை, ஓடும் படத்தோடு ஓடாத படங்களையும் சேர்த்து வாங்கும்படி ஸ்டூடியோக்கள் கட்டாயப்படுத்திய வழக்கம்தான்.

இருந்தாலும் ஹெப்பர்னைப் பொறுத்தவரை கணக்கு முற்றிலும் பொய்யில்லை. ஆண் வேடமிட்டு நடித்த 'சில்வியா ஸ்கார்லெட்' முதல் வரலாற்றுப் படங்கள் வரை பல தோல்விகள் வரிசையாக வந்திருந்தன. இன்று தலைசிறந்த நகைச்சுவைப் படங்களில் ஒன்றாகப் போற்றப்படும் 'பிரிங்கிங் அப் பேபி'யும் 1938-இல் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. பத்திரிகையாளர்களை விரட்டுவதும், கையெழுத்துப் போட மறுப்பதும், கேட்ட கேள்விக்குக் கோணலாகப் பதில் சொல்வதுமாக அவர் தேடிக்கொண்ட பகையும் சேர்ந்தது. ஆர்கேஓ அவருக்கு ஒரு மட்டமான படத்தை நீட்டியபோது, பணம் கட்டி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்.

'தி பிலடெல்பியா ஸ்டோரி' உரிமையை ஹோவர்ட் ஹியூஸ்தானே வாங்கிக் கொடுத்தார்? அதில் இவருடைய சாமர்த்தியம் என்ன இருக்கிறது?

பணம் கோடீஸ்வரத் தொழிலதிபர் ஹியூஸுடையது, திட்டம் ஹெப்பர்னுடையது. 1938 செப்டம்பரில் வீசிய பெரும் புயல் ஃபென்விக் கடற்கரையிலிருந்த அவர்கள் குடும்ப வீட்டைக் கடலோடு கொண்டுபோயிற்று. அதே காலத்தில் நாடகாசிரியர் ஃபிலிப் பேரி, ஹெப்பர்னை மனத்தில் வைத்து எழுதிவந்த நாடகம் உருவாகிக்கொண்டிருந்தது. கர்வம் மிகுந்த செல்வர் வீட்டுப் பெண் ஒருத்தி, மறுமணத்துக்கு முந்தைய நாளில் தன் பலவீனத்தை உணர்ந்து மனிதத்தன்மை பெறுவது கதை. பொதுமக்கள் ஹெப்பர்னிடம் எதை வெறுத்தார்களோ அதையே கதாபாத்திரத்தில் வைத்து, அவள் தலைகுனிவதை அவர்கள் கண்ணெதிரே காட்டி, மூன்றாம் அங்கத்தில் அவளை மன்னிக்க வைக்கும் நாடகம் அது. இந்தக் கணக்கைப் பேரியும் ஹெப்பர்னும் தெளிவாக அறிந்தே செய்தார்கள்.

நாடகத்தைத் தயாரித்த தியேட்டர் கில்ட் அமைப்பும் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. ஹெப்பர்ன் சம்பளம் வாங்காமல் வசூலில் பங்கு கேட்டார். அரங்கேற்றத்துக்கு முன்பே திரைப்பட உரிமையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது என்ற யோசனையின்பேரில், அப்போது நெருக்கமாக இருந்த ஹியூஸ் அதை அவருக்காக வாங்கினார். 1939 மார்ச் 28 அன்று ஷுபர்ட் அரங்கில் தொடங்கிய நாடகம் 417 காட்சிகள் ஓடியது. அதற்குப் பிறகு படம் எடுக்க விரும்பிய எந்த ஸ்டூடியோவும் அவரைத் தவிர்த்துவிட்டு எடுக்க முடியாது. எம்ஜிஎம் தலைவர் லூயி பி. மேயரிடம் உரிமையை 250,000 டாலருக்கு விற்றார். தாமே நாயகி, இயக்குநர் குக்கர், உடன் நடிப்பவர்களைத் தேர்வதில் தமக்கும் பங்கு என்ற நிபந்தனைகளையும் சேர்த்தார். கிளார்க் கேபிளையும் ஸ்பென்சர் ட்ரேசியையும் கேட்டார். கிடைத்தவர்கள் கேரி கிராண்டும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும். குறைசொல்ல ஏதுமில்லை. 1940-இல் வெளிவந்த படம் பெருவெற்றி பெற்றது, ஸ்டூவர்ட்டுக்கு ஆஸ்கார் வாங்கித் தந்தது.

நடிகைகள் ஸ்டூடியோவின் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த காலத்தில், ஒரு நடிகை மேடைக்குப் போய்ப் பார்வையாளர்களை மீட்டுக்கொண்டு, தம்மைத் துரத்திய தொழிலுக்கே விலை சொல்லித் திரும்பியது இது. அவருடைய வாழ்க்கையில் ஒரே ஓர் ஆண்டை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் 1939-ஐத்தான் சொல்வேன்.

கால்சட்டை போட்டதற்கு அவ்வளவு பெரிய கலாட்டாவா?

1930-களில் நடிகைகள் பொதுவெளியில் பாவாடையும் அலங்காரமுமாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். ஹெப்பர்ன் படப்பிடிப்புத் தளத்துக்கு அகலமான கால்சட்டையோடு வந்துபோனார். ஸ்டூடியோக்காரர்கள் அதை ஒளித்துவைத்தபோது, திருப்பித் தரும்வரை உள்ளாடையோடு தளத்தில் நடந்தார் என்று ஒரு கதை உண்டு. அவரே ரசித்துச் சொன்ன கதைகளை அப்படியே நம்பாமல் சற்றுத் தள்ளி நின்று கேட்பது நல்லது. உடை அவருக்கு வசதிக்காகவே என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ஸ்பென்சர் ட்ரேசியை ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை?

ட்ரேசி ஏற்கெனவே மணமானவர். மனைவி லூயிஸிடமிருந்து பிரிந்து வாழ்ந்தாலும் விவாகரத்து செய்யவில்லை. மகன் ஜான் பிறவியிலேயே செவித்திறன் அற்றவர். லூயிஸ் அத்தகைய குழந்தைகளுக்காக மகன் பெயரிலேயே நிறுவிய மையம் இன்றும் மதிப்போடு நினைக்கப்படுகிறது. ஹெப்பர்னும் மறுமணத்தை நாடவில்லை. 1928-இல் லட்லோ ஆக்டன் ஸ்மித் என்பவரை மணந்து 1934-இல் விவாகரத்து பெற்றிருந்தார். அந்த மணத்தில் தாம் எடுத்ததே மிகுதி, கொடுத்தது குறைவு என்று பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

1941-இல் 'வுமன் ஆஃப் தி இயர்' படத்துக்காகச் சந்தித்தது முதல் 1967-இல் ட்ரேசி இறக்கும்வரை இருவரும் ஒன்பது படங்களில் சேர்ந்து நடித்தார்கள். ட்ரேசியின் உடல்நிலை குன்றியபோது, 1962-க்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தாண்டுகள் ஹெப்பர்ன் நடிப்பையே நிறுத்தி அவரைக் கவனித்தார். கடைசிப் படமான 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' எடுக்கும்போது ட்ரேசிக்குக் காப்பீடு கிடைக்கவில்லை. ஹெப்பர்னும் இயக்குநர் ஸ்டான்லி கிராமரும் தங்கள் சம்பளத்தையே ஈடாக வைத்தார்கள். படப்பிடிப்பு முடிந்த 17-ஆம் நாள், 1967 ஜூன் 10 அன்று, ட்ரேசி இறந்தார். அவர் குடும்பத்தை மதித்து ஹெப்பர்ன் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. 1983-இல் லூயிஸ் காலமாகும்வரை இந்த உறவைப் பற்றிப் பொதுவில் பேசவும் இல்லை.

அந்தக் காதலே ஜோடனை என்று புதிய புத்தகங்கள் சொல்கின்றனவே?

ஹெப்பர்ன் மறைந்த பிறகு வந்த வாழ்க்கை வரலாறுகள் சில, இருவருக்கும் இடையே இருந்தது காதலா ஆழ்ந்த நட்பா என்றும், இருவரின் பாலியல் நாட்டம் குறித்தும் கேள்வி எழுப்புகின்றன. மூடிய அறைக்குள் நடந்ததற்கு வெளியாள் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. ஒன்பது படங்களும், தொழிலை விட்டுவிட்டு அவர் செய்த பணிவிடையும் பதிவில் உள்ளவை. பிறந்த தேதியையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் மாற்றிச் சொன்ன ஒருவர் (மேலே மூன்றாம் கேள்வியைப் பார்க்கவும்) தம் வாழ்க்கையை மக்கள் முன் எப்படி வைக்க வேண்டும் என்பதையும் கவனமாகத் திட்டமிட்டிருப்பார் என்பது மட்டும் நியாயமான எச்சரிக்கை.

மொத்தம் எத்தனை ஆஸ்கார்? ஒன்றைக்கூட நேரில் வாங்கவில்லை என்பது நிஜமா?

நான்கு. நான்கும் சிறந்த நடிகைக்கானவை: 'மார்னிங் க்ளோரி' (1933), 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' (1967), 'தி லயன் இன் வின்டர்' (1968), 'ஆன் கோல்டன் பாண்ட்' (1981). நடிப்புக்காக நான்கு ஆஸ்கார் பெற்றவர் வேறு யாருமில்லை. மொத்தப் பரிந்துரைகள் 12. அந்த எண்ணிக்கையை 2003-இல் மெரில் ஸ்ட்ரீப் கடந்தார். 1968-ஆம் ஆண்டு விருதில் ஹெப்பர்னும் 'ஃபன்னி கேர்ள்' படத்துக்காக பார்பரா ஸ்ட்ரைசாண்டும் சமமான வாக்குகள் பெற்று விருதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆம், ஒன்றையும் நேரில் வாங்கவில்லை. விழா மேடையில் அவர் தோன்றியது ஒரே முறை: 1974-இல், தயாரிப்பாளர் லாரன்ஸ் வைன்கார்டனுக்கு வழங்கப்பட்ட, தயாரிப்பாளர்களுக்கான தால்பெர்க் விருதைத் தர வந்தார். அரங்கமே எழுந்து நின்றது. விழாக்களுக்கு வராததற்குக் காரணம், போட்டியில் தோற்றுவிடுவோமோ என்ற அச்சமே என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அலட்சியம் என்று எழுதப்பட்டதெல்லாம் அரைகுறை. அந்தச் சிலைகளை இப்போது வாஷிங்டனிலுள்ள தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் காணலாம்.

விருதுகளும் சிறந்த நடிப்பும் இவர் விஷயத்தில் ஒத்துப்போவதில்லை. 'தி லயன் இன் வின்டர்' ஒன்றை விட்டுவிட்டால், அவருக்கு ஆஸ்கார் தராத 'ஆலிஸ் ஆடம்ஸ்', 'தி பிலடெல்பியா ஸ்டோரி', 'சம்மர்டைம்', 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' ஆகிய நான்கும் ஆஸ்கார் தந்தவற்றைவிட மேலானவை என்பேன்.

சினிமாவில் உச்சத்தில் இருந்தவர் ஷேக்ஸ்பியர் நாடகம் என்று ஊர் ஊராகப் போனது எதற்கு?

நாற்பது வயதைத் தாண்டிய நடிகைகளுக்கு ஹாலிவுட் என்ன வைத்திருந்தது என்பதைப் பார்த்தால் விடை பாதி கிடைக்கும். 1950 ஜனவரியில், தம் 42-ஆம் வயதில், 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ராசலிண்டாக பிராட்வேயில் இறங்கினார். வசனம் சொல்லும் முறைக்காக மூத்த நடிகை கான்ஸ்டன்ஸ் கோலியரிடம் மாதக்கணக்கில் பாடம் கேட்டார். விமர்சகர்கள் அவருடைய கால்களைப் பாராட்டிய அளவுக்குக் கவிதையைச் சொன்ன விதத்தைப் பாராட்டவில்லை. ஆனாலும் நாடகம் 145 காட்சிகள் ஓடியது, பின்னர் வெளியூர்களுக்கும் போனது.

1955-இல் லண்டன் ஓல்ட் விக் குழுவோடு ஆஸ்திரேலியா முழுவதும் சுற்றினார். ராபர்ட் ஹெல்ப்மன் உடன் நடிக்க, 'தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்', 'தி டேமிங் ஆஃப் த ஷ்ரூ', 'மெஷர் ஃபார் மெஷர்' ஆகிய மூன்று நாடகங்களையும் மாறி மாறி நடத்தினார்கள். 1957-இலும் 1960-இலும் கனெடிகட்டின் ஸ்ட்ராட்ஃபர்டில் நடந்த ஷேக்ஸ்பியர் விழாவில் போர்ஷியா, பியாட்ரிஸ், வயோலா, கிளியோபாத்ரா என்று வரிசையாகப் பெரிய வேடங்களை எடுத்தார். படத்தில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் அங்கே கிடைத்த சம்பளம் சொற்பம்.

பலன் திரையில் தெரிந்தது. யூஜீன் ஓநீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தைச் சிட்னி லூமெட் 1962-இல் படமாக்கியபோது, மார்ஃபினுக்கு அடிமையான தாய் மேரி டைரோனாக ஹெப்பர்ன் நடித்தார். நீண்ட தனிமொழிகளை ஒரே மூச்சில் சுமந்து, குரலை ஒரு வாக்கியத்துக்குள்ளேயே சிறுமியிலிருந்து கிழவி வரை கொண்டுபோகும் அந்தத் திறன், மேடையில் பத்தாண்டு ஷேக்ஸ்பியர் பேசியிராத ஒருவருக்கு வாய்த்திருக்காது. கான் திரைப்பட விழாவில் அதற்காக விருது பெற்றார். 'தி லயன் இன் வின்டர்' படத்து அரசி எலினோரும் அதே பயிற்சியின் விளைவுதான்.

'தி ஆஃப்ரிக்கன் குயின்' உண்மையிலேயே ஆப்பிரிக்காவில் எடுத்த படமா?

பெரும்பகுதி ஆம். 1951-இல் அன்றைய பெல்ஜியன் காங்கோவிலும் உகாண்டாவிலும் வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்டன; மீதி லண்டனில். தண்ணீர் கெட்டுப் பெரும்பாலோர் வயிற்றுப்போக்கில் விழ, இயக்குநர் ஜான் ஹூஸ்டனும் ஹம்ஃப்ரி போகார்ட்டும் மட்டும் தப்பினார்கள். விஸ்கியைத் தவிர வேறெதையும் குடிக்காததே காரணம் என்பது அவர்கள் விளக்கம். அவர்களுக்குப் பாடம் புகட்டவென்றே தண்ணீர் மட்டும் குடித்த ஹெப்பர்னுக்குத்தான் மிக மோசமாக நோய் கண்டது. கடுகடுப்பான முகத்தை விட்டு, அமெரிக்க அதிபரின் மனைவியாக இருந்த எலினோர் ரூஸ்வெல்ட் போர்முனை மருத்துவமனைகளில் காட்டிய புன்னகையை வைத்துக்கொள் என்று ஹூஸ்டன் சொன்னாராம். இயக்குநர் ஒருவர் தமக்குத் தந்த யோசனைகளில் இதற்கு நிகரில்லை என்று ஹெப்பர்ன் இந்தப் படப்பிடிப்பைப் பற்றி 1987-இல் எழுதிய நூலில் குறிப்பிடுகிறார்.

பாடவே தெரியாதவர் மியூசிக்கலில் எப்படி நடித்தார்?

ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேலைப் பற்றிய இசை நாடகம் 'கோகோ' 1969 டிசம்பரில் பிராட்வேக்கு வந்தது. ஹெப்பர்னுக்கு அப்போது வயது 62. பாட்டைப் பாதி பேசி, பாதி இழுத்துச் சமாளித்தார். நாடகத்தைப் பற்றி விமர்சகர்களுக்குப் பெரிய மரியாதை இல்லை. அவரைப் பார்க்கவே கூட்டம் வந்தது. 1970 ஆகஸ்டில் அவர் விலகி டேனியல் டாரியூ பொறுப்பேற்றதும் இரண்டு மாதங்களில் நாடகம் நின்றுபோனதே சான்று. டோனி விருதுக்குப் பரிந்துரை கிடைத்தது, விருது லாரன் பகாலுக்குப் போயிற்று. 1981-இல் 'தி வெஸ்ட் சைட் வால்ட்ஸ்' நாடகத்துக்கும் இதே கதை. நான்கு ஆஸ்கார் பெற்றவருக்கு, தாம் உயிராக நினைத்த மேடையின் டோனி விருது கடைசிவரை கிடைக்கவில்லை.

வயதான காலத்துப் படங்களில் தலை ஆடிக்கொண்டே இருக்கிறதே, பார்க்கின்சன் நோயா?

இல்லை. காரணமறியா நடுக்கம் என்று மருத்துவர்கள் சொல்லும், குடும்பவழியாக வரும் வேறொரு கோளாறு. தாத்தாவுக்கும் இருந்தது என்று அவரே 1990-களில் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் விளக்கினார். அதை மறைக்காமல் வேடத்தின் பகுதியாக்கிக்கொண்டார். 'ஆன் கோல்டன் பாண்ட்' படத்தில் ஹென்றி ஃபோண்டாவின் மனைவியாக வரும்போது அந்த நடுக்கம் முதுமையின் இயல்பாகவே தோன்றுகிறது. அந்தப் படத்தில் ஃபோண்டா அணிந்த தொப்பிகளில் ஒன்று, ட்ரேசியுடையதை ஹெப்பர்ன் பரிசளித்தது.

சீனப் பெண்ணாக வேஷம் போட்டாராமே? அதை எப்படி எடுத்துக்கொள்வது?

1944-இல் வந்த 'டிராகன் சீட்' படத்தில், கண்களை ஒப்பனையால் மாற்றி ஜேட் என்னும் சீன விவசாயப் பெண்ணாக நடித்தார். ஜப்பானியப் படையை எதிர்க்கும் சீன மக்களைப் புகழும் நோக்கம் கொண்ட படத்திலேயே முதன்மை வேடங்கள் அனைத்தும் வெள்ளையருக்குத்தான் தரப்பட்டன. அது அன்றைய வழக்கம் என்பது விளக்கமாகும், சமாதானம் ஆகாது. அவருக்கு அந்த வேடம் பொருந்தவும் இல்லை. அவருடைய வடகிழக்கு அமெரிக்க (நியூ இங்கிலாந்து) உச்சரிப்பு ஒரு வரியில்கூட மறையவில்லை. 1947-இல் கம்யூனிஸ்ட் வேட்டை சூடுபிடித்துக்கொண்டிருந்தபோது லாஸ் ஏஞ்சலிஸ் கூட்டத்தில் தணிக்கைக்கு எதிராகத் துணிந்து பேசியவரும் இவரே. இரண்டையும் அருகருகே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாப் படத்திலும் அவர் அவராகவேதானே வருகிறார்? அது எப்படி நல்ல நடிப்பு?

குரலும் தாடையும் நடையும் மாறுவதில்லை என்பது சரி. மெரில் ஸ்ட்ரீப் செய்வதைப் போன்ற உருமாற்றத்தை இவரிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். மேலே சொன்ன 'டிராகன் சீட்' அதற்குச் சாட்சி. ஆனால் அந்த மாறாத உருவத்துக்குள் எதை உடைத்துக் காட்டுகிறார் என்பதில்தான் அவருடைய கலை இருக்கிறது. 'ஆலிஸ் ஆடம்ஸ்' படத்தில், இல்லாத வசதியை இருப்பதுபோலக் காட்ட முயலும் பெண், விருந்து மேசையில் எல்லாம் பிசகுவதைப் பார்த்தும் பேசிக்கொண்டே இருக்கிறாள். பேச்சு வேகமாக வேகமாக அவள் அவமானம் நமக்குத் தெரிகிறது. ஒரு காலத்தில் வேலையைப் பறித்த அதே படபடப்புப் பேச்சு (நான்காம் கேள்வி) இங்கே கருவியாகிவிட்டது. 'வுமன் ஆஃப் தி இயர்' படத்தின் முடிவில் சமையலறையில் அவரைக் கோமாளியாக்கும் காட்சி, பெண்ணின் திறமையைத் தண்டிப்பதற்காகவே பின்னர் ஒட்டப்பட்டது. அவருக்கே அது பிடிக்கவில்லை. அங்கேகூட அந்த முகத்தில் ஓடும் கோபத்தை மறைக்க முடியவில்லை.

மேடையில் அவரைப் பார்த்தவர்கள் இனி எத்தனை பேர் இருப்பார்கள்? நாம் அதை எப்படித் தெரிந்துகொள்வது?

நாடகத்திலிருந்து வந்த படங்களைத் தேடிப் பார்ப்பதுதான் வழி. 'தி பிலடெல்பியா ஸ்டோரி'யில் அவர் 417 முறை பார்வையாளர்கள் முன் சோதித்துப் பார்த்த வசனங்களைப் பேசுகிறார். எந்த இடத்தில் சிரிப்பு வரும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற உறுதியைக் கவனிக்கலாம். 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பொறுமையோடு உட்கார வேண்டிய படம். 1973-இல் தொலைக்காட்சிக்காக நடித்த 'தி கிளாஸ் மெனாஜரி'யும், அதே ஆண்டில் எட்வர்ட் ஆல்பியின் நாடகத்திலிருந்து எடுத்த 'எ டெலிகேட் பேலன்ஸ்' படமும் அதிகம் பேசப்படாதவை, ஆனால் மேடைக்கு மிக அருகில் இருப்பவை. 'கோகோ'வின் பாடல்களை நாடகக் குழுவே பாடிய இசைத்தட்டும் கிடைக்கிறது. பாட்டுக்காக இல்லாவிட்டாலும், அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கும்படி ஒரு வரியை அவர் எப்படி எறிகிறார் என்பதற்காக ஒருமுறை கேட்கலாம்.